வராத உத்தரவு

(தேதிகள் பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி; இன்றைய நாட்காட்டிக்குப் பதின்மூன்று நாள் பின்தங்கியவை)

மேல் பெச்சோரா முகாம்
14 ஜூன் 1914

அன்புத் தங்கை கிளாவாவுக்கு,

நான் சுகம். கொசு கடிக்காத இடம் உடம்பில் பாக்கியில்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை. நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? தம்பி கோஸ்த்யா பட்டாளத்திலிருந்து எழுதுகிறானா?

படகைவிட்டு இறங்கி ஒன்பது நாளாகிறது. என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். இந்த ஆற்றிலிருந்து கிழக்கே உரால் மலையைத் தாண்டி, அந்தப் பக்கம் ஓப் நதி வரைக்கும் ரயில் பாதை போட வழி உண்டா என்று பார்க்க வேண்டும். காட்டில் நேராகச் சந்து வெட்டி, நூறு அடிக்கு ஒரு முளை அடித்து, உயரம் பார்த்து எழுதிக்கொண்டே போகிறோம். வரைபடத்தில் மொத்த தூரமும் என் உள்ளங்கை அகலம். நேற்று முழுநாளும் நடந்தது நானூறு அடி. மீதியெல்லாம் சதுப்பு. இரண்டு ஆள் உயரக் கழியை விட்டுப் பார்த்தும் அடி தட்டவில்லை.

மரம் வெட்டுகிறவர்களுக்குத் தலைவன் ஓனிசிம், நம் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன். இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு, "ஐயா, இங்க ஸ்டேஷன் வெச்சா யார் ஏறுவா? தவளைக்கு டிக்கெட் கிழிக்கவும் ஒரு ஆள் வேணுமே, என்னைப் போட்டுடுங்க" என்கிறான். சமையலுக்கு ப்ரோகோப். அவன் கஞ்சியைத் திட்டிக்கொண்டே எல்லோரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

குளிர்காலத்துக்கான மாவை ஆகஸ்ட் கடைசியில் அலுவலகம் படகில் அனுப்பும். பனி இறுகியதும் மலையைத் தாண்டிவிட்டு, கிறிஸ்துமஸுக்குள் சறுக்குவண்டியில் வீடு திரும்பிவிடுவேன். பெர்ம் தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு எந்த உத்தரவு வந்தாலும் நீ வேலை பார்க்கும் செர்டின் தந்தி ஆபீசுக்குத்தான் வரும். உன் கையால் எழுதி, தபால்காரன் ஸவ்வாவின் படகில் ஏறித்தான் என்னிடம் வரும். மேலதிகாரி திட்டினாலும் உன் கையெழுத்தில் திட்டு வாங்குவது ஒரு ஆறுதல்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் அண்ணன்
ஆர்செனி


செர்டின்
5 ஜூலை 1914

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் சேற்று வாசனையோடு வந்து சேர்ந்தது. நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்காலுக்கு, நீராவிக் குளியலில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலையைச் சுடவைத்துக் கட்டுகிறேன். வலி குறைந்ததோ இல்லையோ, "குளிச்ச மாதிரி வாசனையா இருக்கு" என்று சந்தோஷப்படுகிறாள்.

கோஸ்த்யா ஒரு புகைப்படம் அனுப்பியிருக்கிறான். போலந்து எல்லைப் பக்கம் ஏதோ ஊர். தொப்பி காதுவரை இறங்கியிருக்கிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "பட்டாளத்துல இவன் தலைக்கு அளவே எடுக்கலையா?" என்று கேட்டாள். அடுத்த வருஷம் வசந்தத்தில் அவன் சேவை முடிகிறது. வந்ததும் உன்னோடு அளவை வேலைக்கே வருவானாம்.

போஸ்ட்மாஸ்டர் நிகன்ட்ரோவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. தந்திக் கருவியில் இப்போது முழுக்க நான்தான். "உங்க அண்ணன் ரயில் விட்டா முதல் வண்டியில நான் ஏறிடுவேன், ஜன்னல் ஓரமா உட்கார்ந்தாலும் ஒண்ணும் தெரியாது, அதனால பாதி டிக்கெட் கொடுக்கச் சொல்லு" என்கிறார்.

பூண்டு ஒரு சரம் அனுப்பியிருக்கிறேன். வெறும் காய்ந்த ரொட்டியைத் தின்றுகொண்டிருக்காதே.

அன்புத் தங்கை
கிளாவா


மேல் பெச்சோரா, கிழக்கு ஓடை முகாம்
25 ஜூலை 1914

அன்புக் கிளாவாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் பூண்டு பதினொரு பேருக்கும் பங்கு போட்டுத் தீர்ந்துவிட்டது.

முப்பத்தொரு வெர்ஸ்ட் தூரம் முடித்திருக்கிறோம். மலை இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. தெரிகிறதே தவிர நெருங்க மாட்டேன் என்கிறது. எங்கள் வரைபடத்தில் அந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. இதுவரை ஒருவரும் அளந்ததில்லை. கலைமான் மேய்க்கும் வோகுல் இனக் கிழவர் ஒருவர், அங்கே ஒரு தாழ்ந்த கணவாய் இருப்பதாகச் சொன்னார். ஏற்றம் தெரியாமலே ஏறிவிடலாமாம். அது உண்மையானால் சுரங்கம் வேண்டாம், பாலம் வேண்டாம், பாதை தானாகவே போய்விடும். இப்படியொரு கணவாய்க்காகத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன் என்று தோன்றுகிறது.

அளவையாள் பீமெனும் அவன் தம்பியும் பகல் முழுக்கச் சங்கிலி இழுத்துவிட்டு, மாலையில் மீன் பிடிக்கிறார்கள். மாவு குறைந்துகொண்டு வருகிறது. படகு அடுத்த மாதக் கடைசியில் வந்துவிடும்.

உலகத்தில் என்ன நடக்கிறது? இங்கே ஒரு செய்தியும் இல்லை. எழுது.

ஆர்செனி


செர்டின்
6 ஆகஸ்ட் 1914

அண்ணா,

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நாங்கள் இருக்கிறோம்.

ஜெர்மனியோடு யுத்தம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் சந்தைத் திடலில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வண்டியில் ஏற்றினார்கள். பெண்கள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இரும்புக்கடை லூகா, மணியடிக்கும் தாராஸ், நம் பக்கத்து வீட்டில் இரண்டு பேர். கோஸ்த்யாவின் படை எல்லையில்தானே இருக்கிறது. அவர்கள்தான் முதலில் போயிருப்பார்கள். கடிதம் இல்லை.

கிறிஸ்துமஸுக்குள் முடிந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதிரியாரும் சொன்னார்.

நீ அங்கேயே இரு, அண்ணா. காட்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்காது. ஸவ்வா படகில் ஏறி நிற்கிறான், அதனால் இத்தோடு முடிக்கிறேன். அம்மா உனக்காக மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள்.

கிளாவா


மலையடிவார முகாம்
30 ஆகஸ்ட் 1914

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை ஆட்களுக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு ப்ரோகோப் கஞ்சியைக் கிளறப் போனான். அம்மா எப்படித் தாங்குகிறாள்? கோஸ்த்யாவிடமிருந்து ஒரு வரி வந்தாலும் உடனே அனுப்பு.

ஒன்றைத் தெளிவாகக் கேட்கிறேன், தெளிவாகப் பதில் எழுது. யுத்தம் என்றால் இந்த அளவையை நிறுத்தியிருக்க வேண்டும். நான் தேவைப்படும்போது பட்டாளம் கூப்பிடும் சேமப் பட்டியலில் இருப்பவன், என்னையும் கூப்பிட்டிருக்க வேண்டும். பெர்மிலிருந்து எனக்கு ஏதாவது உத்தரவு வந்ததா? மாவுப் படகும் வரவில்லை. கையில் இருப்பது இருபது நாளைக்குத்தான். பங்கைப் பாதியாக்கினால் நாற்பது.

ஓனிசிம் இன்று என்னிடம் வந்து, "ஐயா, இப்போ கிளம்பினா ஆறு உறையுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம். அப்புறம்னா முடியாது" என்றான். "உத்தரவு இல்லாமல் எப்படிக் கிளம்புவது?" என்றேன். "சரி, நீங்க படிச்சவங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

யுத்த காலத்தில் உத்தரவில்லாமல் ஆட்களை வேலையிலிருந்து கூட்டிக்கொண்டு போனால் அது ஓடிப்போனதாகிவிடும். உன் பதில் வரும்வரை காத்திருக்கிறேன். ஸவ்வாவிடம் தாமதிக்காமல் திரும்பச் சொல்.

ஆர்செனி


செர்டின்
19 செப்டம்பர் 1914

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு இருவரும் நலம். அம்மா முட்டைக்கோஸ் ஊறவைத்திருக்கிறாள். இந்த வருஷம் காளான் நிறைய.

உத்தரவு ஏதும் வரவில்லை. அளவை வேலையில் இருப்பவர்களைப் பட்டாளத்துக்குக் கூப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அதனால் நீ வேலையைத் தொடர்வதுதான் சரி.

மாவு ஏதோ காரணத்தால் தாமதமாகிறது. நானே இரண்டு மூட்டை மாவும், உப்புமீனும், ஒரு சிறு பீப்பாய் கிரான்பெரியும் அனுப்புகிறேன். ஸவ்வா படகில் அதற்குமேல் இடமில்லை. சிக்கனமாக வைத்துக்கொள்ளுங்கள். ஓடையில் மீன் இருக்கும்தானே?

கோஸ்த்யாவிடமிருந்து கடிதம் இல்லை.

கிளாவா


கணவாய் முகாம்
14 அக்டோபர் 1914

கிளாவாவுக்கு,

உன் மூட்டைகள் வந்தன. அன்று பீமென் மாவு மூட்டையைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு சுற்றினான். இப்போது ஒரு மூட்டையில் பாதி இருக்கிறது.

கணவாயைக் கண்டுபிடித்துவிட்டேன். அந்தக் கிழவர் சொன்னது நிஜம். நூறு அடிக்கு ஓரடிகூட ஏறவில்லை. உச்சிக்கு வந்துவிட்டோம் என்பதே கருவியைப் பார்த்துத்தான் தெரிந்தது. தண்ணீர் அந்தப் பக்கம் ஓட ஆரம்பித்திருந்தது. அங்கே நின்று சத்தமாகச் சிரித்தேன். என்னோடு யாரும் சிரிக்கவில்லை. ஓனிசிம் ஒரு கல்லில் உட்கார்ந்து, "நல்ல இடம்தான் ஐயா. சாகறதுக்குன்னாலும் நல்ல இடம்தான்" என்றான். அவன் வேடிக்கை இப்போதெல்லாம் இப்படித்தான் இருக்கிறது.

ப்ரோகோப் அக்டோபர் ஒன்பதாம் தேதி இறந்துபோனான். பச்சைக் காய்கறி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோயில் ஈறு கறுத்து வீங்கி, பற்கள் ஆடி, கால்களில் நீலம் பூத்து, கடைசி வாரம் எழுந்திருக்கவே இல்லை. இன்னும் நான்கு பேருக்கு ஈறில் ரத்தம். பைன் மரத்தின் ஊசி இலைகளைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறோம். இறப்பதற்கு முதல் நாள், "நான் போயிட்டா கஞ்சியை அந்த ஓனிசிம் கையில குடுத்துடாதீங்க, உப்பே போட மாட்டான்" என்றான்.

ஆறு உறைந்துவிட்டது. இறுகாத பனியில் செர்டின் வரைக்கும் மனிதனும் போக முடியாது, கலைமானும் போக முடியாது. இந்தக் கடிதம் எப்போது உன் கைக்கு வரும் என்று தெரியவில்லை. பீமெனும் அவன் தம்பியும் வோகுல் முகாமைத் தேடி நேற்றுக் கிளம்பினார்கள், இறைச்சி வாங்கிவர. நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார்கள்.

அலுவலகம் எங்களை மறந்துவிட்டதா? பெர்முக்கு நீயே ஒரு தந்தி அடித்துக் கேள்.

அம்மாவுக்கு இதையெல்லாம் சொல்லாதே.

ஆர்செனி


செர்டின்
10 நவம்பர் 1914

அண்ணா,

உன் அக்டோபர் கடிதம் ஒரு வேட்டைக்காரர் கையில் முந்தாநாள் வந்தது. சுகம் விசாரிக்கும் தகுதி எனக்கில்லை. அதனால் விஷயத்தை எழுதுகிறேன்.

இதனுடன் ஒரு தந்தி இருக்கிறது. தேதியைப் பார். ஜூலை 22, காலை பத்தரை மணி. "யுத்தம் காரணமாக அளவை நிறுத்தப்படுகிறது. ஆட்களுடனும் கருவிகளுடனும் உடனே திரும்பவும். வந்ததும் ராணுவ அதிகாரியிடம் ஆஜராகவும்." என் கையால்தான் எழுதி எடுத்தேன். முதல் நாள்தான் திடலில் வண்டிகள் கிளம்பியிருந்தன. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தந்தியை மடித்து என் மேசைக்குள் வைத்தேன். ஒரு மாதம் தாமதமானால் சண்டையே முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். ஆகஸ்டில் ஸவ்வா கிளம்பியபோது அதை வெளியே எடுத்தேன், திரும்பவும் உள்ளே வைத்தேன்.

செப்டம்பர் பதினொன்றாம் தேதி கோஸ்த்யாவின் செய்தி வந்தது. ஆகஸ்ட் 16, கிழக்குப் பிரஷ்யா. அதையும் நானே எழுதி எடுத்தேன். அவன் பெயரின் முதல் எழுத்துகள் வரும்போதே என் கை நின்றுவிட்டது, பெர்மில் இருந்தவன் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் அவனுக்குக் கையுறை பின்னிக்கொண்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு உன்னைக் கூப்பிட என்னால் முடியவில்லை.

மாவைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை, அண்ணா. அது வரும் என்றே நினைத்தேன். உன் ஆகஸ்ட் கடிதம் வந்ததும் படகுத்துறைக் கிடங்குக்கு ஓடினேன். கிடங்குக்காரர், "அது பட்டாளத்துக்குப் போயிடுச்சேம்மா. அளவைக்காரங்களைத்தான் திருப்பிக் கூப்பிட்டாச்சே, அவங்களுக்கு எதுக்கு மாவு?" என்றார். அப்போது எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "உத்தரவு ஏதும் வரவில்லை" என்று உனக்கு எழுதினேன். இரண்டு மூட்டையும் மீனும் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரியாமல் செய்தேன் என்று நீ எனக்காக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ப்ரோகோப்புக்கு யார் இருக்கிறார்கள்? எழுது.

பனி இறுகிவிட்டது. ஸவ்வா நான்கு சறுக்குவண்டிகளில் உணவோடு வருகிறான். எல்லோரும் திரும்பி வந்துவிடுங்கள்.

கிளாவா


பெச்சோரா, யக்‌ஷா கிராமம்
27 ஜனவரி 1915

கிளாவா,

ஸவ்வா டிசம்பர் ஆறாம் தேதி வந்தான். அவன் வந்தபோது எட்டுப் பேர் இருந்தோம். பீமெனும் அவன் தம்பியும் திரும்பவே இல்லை. நவம்பரில் பனி சற்று அடங்கியதும் தேடினோம். முகாமிலிருந்து இரண்டு வெர்ஸ்டில், அரைமணி நடையில், நாங்கள் வெட்டிய சந்திலேயே, ஒருவன்மேல் ஒருவன் படுத்திருந்தார்கள். முளைகளைத் தொட்டுத் தொட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள். தம்பிக்காரன் அண்ணனின் கோட்டைப் போட்டிருந்தான்.

தந்தியை ஆட்களுக்கு வாசித்தேன். உன் கடிதத்தை வாசிக்கவில்லை. ஓனிசிம், "என்ன தேதிங்க?" என்று கேட்டான். சொன்னேன். விரல்விட்டு எண்ணினான். "அப்போ ப்ரோகோப்பு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான். பிறகு அவனே, "வழியில எங்கயாவது தங்கியிருக்கும் ஐயா. இந்த யுத்தத்துல எவனுக்கு எது ஞாபகம் இருக்கு?" என்றான். நான் ஆமாம் என்றேன். இப்போது நானும் உன்னோடு சேர்ந்துவிட்டேன்.

ஓனிசிமால் நடக்க முடியவில்லை. வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தோம். ஜனவரி 9 அன்று, யக்‌ஷாவுக்கு இரண்டு நாள் தூரத்தில் போய்விட்டான். மனைவி பெயர் உஸ்தீனியா. உன்னிடமிருந்து அரைநாள் நடை. நீயே போய்ச் சொல். ப்ரோகோப்புக்கு யாரும் இல்லை. பீமென் சகோதரர்களின் அப்பாவிடம் நான் சொல்லிவிட்டேன், அவர் இந்தக் கிராமத்துக்காரர்.

எல்லாவற்றையும் உன் தலையில் சுமத்த மாட்டேன். உத்தரவு இல்லாமலே ஆகஸ்டில் திரும்பியிருக்கலாம். ஓனிசிம் சொன்னான். எனக்கு அந்தக் கணவாய் வேண்டியிருந்தது. உத்தரவு வரவில்லை என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நான் கேட்டேன், கிளாவா. தெளிவாகக் கேட்டேன்.

கோஸ்த்யாவைப் பற்றி இன்றைக்கே அம்மாவிடம் சொல். அவள் துக்கத்தை நீ எடுத்து வைத்துக்கொள்ள உனக்கு உரிமையில்லை.

அளவைப் புத்தகங்களை இங்கே தேவாலயத்தில் விட்டுவிட்டேன். அவற்றை யாரும் கேட்கவில்லை. நாங்கள் ஏழு பேரும் வடக்குப் பாதையில் போய்ப் பட்டாளத்தில் சேர்கிறோம். செர்டின் வழியாக வரமாட்டேன். உன்னைப் பார்த்தால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. ஒருவேளை மன்னித்துவிடுவேன். இறந்தவர்களை வைத்துக்கொண்டு அதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

எனக்கு எழுத வேண்டாம். என்னைப் பற்றி ஏதாவது வந்தால், அதுவும் உன் கையில்தான் வரும். அன்றைக்கே கொண்டுபோய்க் கொடு.

ஆர்செனி


செர்டின்
2 மார்ச் 1915

அண்ணா,

எழுத வேண்டாம் என்றாய். எங்கே அனுப்புவது என்றும் தெரியவில்லை. ஆனாலும் நீ சொன்னவற்றைச் செய்தேன் என்று எங்காவது எழுதி வைக்க வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்றே அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "எப்போ?" என்று கேட்டாள். ஆகஸ்ட் என்றேன். "நான் இத்தனை மாசமும் அவன் உசுருக்கு மெழுகுவர்த்தி ஏத்தினேனே" என்றாள். அதற்குப் பிறகு நான் கொடுப்பதைச் சாப்பிடுகிறாள், என்னோடு பேசுவதில்லை.

மறுநாள் உஸ்தீனியாவிடம் போனேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கடிதத்தோடு நீ அனுப்பியிருந்த ஓனிசிமின் தொப்பியை மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், தந்தி, தேதி, மேசை. அவள் கையை மாவிலிருந்து எடுக்கவே இல்லை.

"என் புருஷனுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

பிசைந்துகொண்டே கேட்டாள்:

"உங்க அண்ணன் உசுரோட இருக்காரா?"

"இருக்கிறார்."

"அப்போ நீங்க நினைச்சது நடந்துடுச்சு. போங்க. எனக்கு அடுப்பு ஆறுது."

அண்ணன் பட்டாளத்துக்குப் போய்விட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அதைச் சொல்லி அவளிடமிருந்து எதை வாங்கப் பார்த்தேன்?

அங்கிருந்து நேரே ஆபீசுக்கு வந்து, நடந்ததை எழுதி நிகன்ட்ரோவிடம் கொடுத்தேன். அவர் தாளைக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்து வெகுநேரம் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இதை மேலே அனுப்பினா உன்னை ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க."

"தெரியும். அனுப்புங்கள்."

"அப்புறம் இந்தக் கருவி முன்னால யார் உட்காருவா? எனக்குக் கண்ணு போச்சு. பெர்ம்ல ஆள் கேட்டா, இருந்தவனெல்லாம் பட்டாளத்துக்குப் போயிட்டான்னு சொல்றான். நீயும் போயிட்டா இந்த ஜில்லாவுல எவன் செத்தான்னே எவளுக்கும் தெரியாது." தாளை அடுப்பில் போட்டார். "உட்காரும்மா. அடிக்கிறான் பாரு, எடு."

எடுத்தேன்.

இப்போது வருகிற சாவுத் தந்திகளை நானே வீடுவீடாகக் கொண்டுபோகிறேன். தெருவில் என்னைப் பார்த்தாலே பெண்கள் கதவைச் சாத்துகிறார்கள். சாத்திய கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

இன்று ஐந்து வந்தன. ஐந்தையும் இருட்டுவதற்குள் கொடுத்துவிட்டேன். உன் பெயர் அவற்றில் இல்லை.

கிளாவா